ஒரு தடவைக்கு ஒரு பக்கம்

சுனாமிக்கு அடுத்த வருடம், மட்டக்களப்பு ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்கில் ஒவ்வொரு கிழமையும் என் பக்கத்தில் ஒரு மீனவர் வந்து உட்காருவார். கல்குடாக்காரர். பெரிய மீசை, வெயிலில் வெளுத்த புருவம். கடலைக் கண்டாலே உடம்பு நடுங்குகிறது என்றார். பயத்தைப் பற்றி டொக்டர் அவருக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார். வாசிக்கத் தெரியாததால் அதை என்னிடம் நீட்டுவார்.

"ஒரு பக்கம் போதும் புள்ள. இதுவும் மருந்துதானே, கூடக் குடிக்கப்படாது."

பயப்படும் இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பழகுங்கள் என்றது ஒரு பக்கம்.

"இத எழுதினவருக்குக் கடலத் தெரியுமா?" என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த கிழமை வாசலிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தார்.

"முழங்கால் மட்டும் இறங்கிட்டன் புள்ள! அலை வந்து அடிச்சிது, நான் ஓடல்ல!"

வாங்குப் பலகையில் காத்திருந்த எல்லோரும் கை தட்டினோம். நோயாளருக்கு நம்பர் துண்டு எழுதிக்கொண்டிருந்த நர்ஸும் தட்டினா.

"வாசிச்ச உனக்கும் மருந்து கொஞ்சம் போயிருக்குமே?" என்றார் என்னிடம்.

அப்போதுதான் உறைத்தது. வீட்டு வாசல் படலையைத் தாண்டவே அஞ்சி, முதலில் துணையோடு கிளினிக்குக்கு வந்த நான், அவருக்கு வாசிக்கவென்று இரண்டு மாதமாகத் தனியே பஸ் ஏறி வந்துகொண்டிருந்தேன். அதை அவர் எப்போது கவனித்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.