பீரோவுக்குள் போனவளும் நானும்

அந்த டிவி தொடரில் காலயந்திரம் என்பது ஒரு பீரோ. பச்சை பெயிண்ட் அடித்த பழைய இரும்பு பீரோ. உள்ளே சீரியல் செட் பல்பு மினுக்கும், கொஞ்சம் புகை வரும், கதாநாயகி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால் முப்பது வருஷத்துக்கு முந்தைய தன் வீட்டுக் கூடத்தில் நிற்பாள். செலவு செய்ய மனமில்லாமல் எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரியும். ஆனாலும் தொண்ணூறுகளின் நடுவில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த அரை மணி நேரம் எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸ் தெருவில் ஒரு ஆளைப் பார்க்க முடியாது.

கதை இதுதான். கதாநாயகியின் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டு, முகம் பார்க்காமல் வாழ்கிறார்கள். தாத்தா, வீடு முழுவதையும் பெரியப்பா பேருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டதுதான் காரணம். அந்தக் கையெழுத்து விழுந்த நாளுக்குப் போய் அதைத் தடுக்க வேண்டும். பீரோ எட்டு வாரமாக அவளைத் தப்பான நாட்களில் கொண்டுபோய் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. ஒரு வாரம் யாரோ அத்தை கல்யாணம், ஒரு வாரம் மாடு கன்று போட்ட நாள். ஒன்பதாவது வாரம் சரியான நாளுக்குப் போகிறாள் என்று முந்தைய வாரமே காட்டிவிட்டார்கள். அந்த ஏழு நாளும் எனக்கு வேலையே ஓடவில்லை. என் வயிற்றெரிச்சல் எனக்கு.

அப்பா டிஃபென்ஸ் ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்தார். எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் காலை ஷிஃப்டுக்குப் போனவர், மெஷினுக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். திரும்பி வரவில்லை. சர்வீஸில் இருக்கும்போது இறந்தால் வீட்டில் ஒருத்தருக்குக் கருணை அடிப்படையில் வேலை உண்டு. அதனால் எங்கள் குவார்ட்டர்ஸில் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் முதலில் அழுவார்கள், அழுது முடித்ததும், “யாருக்கு எழுதப் போறீங்க?” என்று கேட்பார்கள். யாருக்கு எழுதுகிறார்களோ, அவரைத் தவிர வீட்டிலுள்ள மற்றவர்கள் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கடிதம் கொடுக்க வேண்டும்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. ப்ளஸ் டூ முடித்து, இங்கிலீஷ் டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்தேன். தம்பிக்குப் பத்தொன்பது. பத்தாவதில் கணக்குப் பரீட்சைக்கு இரண்டு முறை போய்விட்டு, மூன்றாம் முறை சேக்காட்டில் கிரிக்கெட் மேட்ச் இருந்ததால் போகாமல் விட்டவன். ஆபீஸ் கிளார்க் அம்மாவிடம் தெளிவாகவே சொன்னார். “பொண்ணுக்கு எழுதினா கிளார்க்கா எடுப்பாங்கம்மா. பையன்னா லேபர்தான்.” அம்மா தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலமே குமணன்சாவடியிலிருந்து அம்மாவின் அண்ணன் வந்து இறங்கினார். அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தவர். உலகத்தில் எல்லா விஷயமும் தெரிந்தவர், தன் கடையை லாபமாக நடத்துவதைத் தவிர.

“பொம்பளப் புள்ள நாளிக்கு கட்டிக்கினு போவசொல்ல, வேலயயும் சேத்து எட்த்துகினு பூடும். அப்பால நீயும் உன் புள்ளயும் இன்னா பண்ணுவீங்க? ஊட்ட காலி பண்ணிட்டு ரோட்ல நிப்பீங்களா?”

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்த்து, “நீ கையெழுத்து போட்டுரு. தம்பி உன்ன வுட்ற மாட்டான்,” என்றாள். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

அந்தக் கடிதத்தை நானே டைப் அடித்தேன் என்பதை இன்றைக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். யூனியன்காரர் கொடுத்த மாதிரிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, ஸ்டேஷன் பக்கத்தில் நான் படித்த டைப்பிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனேன். மார்ஜின் பார்த்து, கார்பன் வைத்து, ஒரு எழுத்துகூடப் பிசகாமல் அடித்தேன். மாதிரியில் ஆட்சேபணை இல்லை என்று மட்டும்தான் இருந்தது. மொட்டையாக இருக்கிறதே என்று, ‘முழுச் சம்மதத்துடன்’ என்பதை நல்ல இங்கிலீஷில் நானே சேர்த்தேன். மாஸ்டர் வாங்கிப் பார்த்து, “ரொம்ப நீட்டா வந்திருக்கும்மா,” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. என்ன ஜென்மமோ நான்.

தம்பி வேலைக்குப் போனான். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்கு நூல் வெட்டப் போனேன். ஃபாக்டரி கிளார்க் என்றால் தேடி வந்திருக்கக்கூடிய மாப்பிள்ளைகள், நூல் வெட்டுகிறவள் என்றதும் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். நான் கட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று அவ்வளவு பயந்த மாமா, ஒரு வரன்கூடக் கொண்டுவரவில்லை. தம்பிக்கு முதலில் கல்யாணம் ஆனது. உள் அறை அவர்களுக்குப் போனது. நானும் அம்மாவும் முன் அறையில், தம்பி வாங்கிய கலர் டிவிக்குக் கீழே பாய் விரித்தோம்.

வேலை போனது போனதுதான் என்று எனக்குத் தெரியும். அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அம்மாவின் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வேண்டும் என்றுதான் ஏழு வருஷமாகக் காத்திருந்தேன். உனக்குத் தப்பு பண்ணிட்டோம் என்று அவள் சொல்ல வேண்டும். தனியாக, என் காதில் சொன்னால்கூடப் போதும்.

ஒன்பதாவது வாரம் வந்தது. தம்பியும் அவன் மனைவியும் நாற்காலியில். அம்மா சுவரில் சாய்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா தன் இரண்டு பிள்ளைகளோடு வந்து தரையில் உட்கார்ந்திருந்தார். பீரோவிலிருந்து இறங்கியவள் தாத்தாவின் பேனாவை எடுத்துக் கிணற்றில் போட்டாள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் கை தட்டினார்கள். தாத்தா பேனாவைத் தேடினார். பெரியப்பா சாவகாசமாக உள்ளே போய் மை டப்பாவைக் கொண்டுவந்தார். ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டையரான தாத்தா, கட்டைவிரலை மையில் தோய்த்துக் கைநாட்டு வைத்தார். கதாநாயகி திரும்பி வந்து பார்த்தால் சுவர் அப்படியே இருக்கிறது. போதாததற்கு, படித்தவர் எப்படிக் கைநாட்டு வைப்பார் என்று இரண்டு குடும்பமும் கோர்ட்டில் வேறு நிற்கிறது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்த பீரோ நம்ம கைல கெட்ச்சா நீங்கள்லாம் எந்த நாளிக்கு போவீங்க?”

தம்பி ஏதோ ஒரு கிரிக்கெட் மேட்ச்சைச் சொன்னான். அவன் மனைவி, “பொண்ணு பாக்க வந்தாரு பாருங்க, அன்னிக்கு போயி கதவ சாத்திடுவேன்,” என்றாள். எல்லோரும் சிரித்தோம். அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அவுரு ஷிஃப்டுக்குப் போன அன்னிக்கு. போவாதய்யான்னு கால புடிச்சிருப்பேன்,” என்றாள்.

அங்கேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

“நான் அந்த லெட்டர் அடிச்ச நாளிக்கு போவேன்,” என்றேன். “பேனாவல்லாம் ஒளிக்க மாட்டேன். நேரா ஆபீசுக்கு போயி, வேல எனக்கு குடுங்கன்னு கேப்பேன்.” அம்மாவையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

தம்பி எழுந்து உள்ளே போனான். அவன் மனைவி பின்னாலேயே போனாள். அக்கா பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு வெளியேறினார். நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அம்மா கீரைத் தண்டை ஒடித்துத் தட்டில் போட்டாள்.

“நானும் அந்த நாளிக்கு வருவேன்டி. வந்து, மறுபடியும் உன்னியத்தான் கையெழுத்து போடச் சொல்லுவேன்.”

கோபமே இல்லை அவளிடம். நாளைக்கு என்ன குழம்பு என்று சொல்கிற குரல்.

“நீ எப்டினாலும் பொழச்சிப்ப. அவன் பொழைக்க மாட்டான். அது அப்பவே எனக்கு தெரியும்.”

அழுகை வரவில்லை. ஒன்றுக்கும் உதவாதவனாக இருந்தால்தான் இந்த வீட்டில் ஏதாவது கிடைக்கும் என்றால், டைப்பிங்கில் ஹையர் வரைக்கும் என்னை ஏன் போகவிட்டாய் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. டிவியை அணைத்தேன்.

அடுத்த மாதம் அம்பத்தூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இடம் பார்த்துக்கொண்டு கிளம்பினேன். அம்மா தடுக்கவில்லை. எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள். அவள் சொன்னபடியே நான் பிழைத்துக்கொண்டேன். அதிலும் அவள் பேச்சுதான் ஜெயித்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.

அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. இப்போது அந்த பீரோ கிடைத்தால் லெட்டர் அடித்த நாளுக்கு நான் போக மாட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் போவேன். அக்கா கேட்டதும், எனக்குத் தெரியலக்கா என்று சொல்லிவிட்டு, அம்மாவோடு சேர்ந்து கீரை ஆய்வேன். அன்று சாயங்காலம் வரைக்கும், எனக்குச் செய்ததை நினைத்து அவள் உள்ளுக்குள் வருத்தப்படுகிறாள் என்று நம்பிக்கொண்டாவது இருந்தேன்.