அண்ணி எடுத்த அட்டை

என் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், ஒரு சிறிய அட்டை இருக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஓரத்தில் ரோஜாப்பூப் படம். சாயம் போய், இப்போது அது எந்தப் பூவாகவும் இருக்கலாம். நடுவில் இரண்டு வரி அச்சு. உப்புத்தண்ணீரிலும் வியர்வையிலும் ஊறி ஊறிக் காய்ந்து அப்பளம்போல் விறைத்துவிட்டது. அதிலிருப்பதை ஒருநாள் நான் மாற்றிப் படித்தேன். வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், ஒன்றும் நினைவில் இல்லை. இது மட்டும் போகமாட்டேன் என்கிறது.

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் போதகர் ஒரு தாம்பாளத்தில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம் இருக்கும். கைக்கு எது வருகிறதோ அதுதான் அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் நமக்குச் சொல்லும் வார்த்தை. படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுவார்கள். அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு நான்தான் படித்துச் சொல்வேன். பத்தாவது வரை போனவள் என்ற பெருமை எனக்கு. கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்த பெருமை வேறு.

அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்ட வீடு அது. மரக்காணம் உப்பளத்தில் அண்ணன், அண்ணி, நான் மூன்று பேரும் வேலை செய்தோம். மார்கழியில் மழை விட்டதும் பாத்திகளைத் திருத்துவோம். பௌர்ணமியன்று உப்பங்கழியில் தண்ணீர் ஏறும். அந்த நேரம் பார்த்து மதகைத் திறந்தால்தான் கடல்தண்ணீர் தானாக அளத்துக்குள் வரும். தவறவிட்டால் அமாவாசை வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாயிரத்து நான்கில் அந்தப் பௌர்ணமி கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் வீட்டில் மண்வெட்டியைத் தொடமாட்டோம். கோயிலுக்கா, மதகுக்கா என்று தெரியாமல் அண்ணன் புதுச்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தான்.

அண்ணிதான் சொன்னாள்: "போய் மதக தெறந்துட்டு வாங்க. பௌர்ணமி தண்ணி நமக்காக நிக்காது. ஆண்டவரு எங்கயும் போயிட மாட்டாரு."

அண்ணன் சிரித்தான். சட்டையைக் கொடியில் போட்டுவிட்டுக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு போனான். கோயிலில் இரண்டாவது பாட்டு பாடிக்கொண்டிருந்தபோது வெளியே ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடுவது கேட்டது. கடல் எழுந்து வருகிறது என்றார்கள். அப்படி ஒன்று நடக்கும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? மறுநாள் மத்தியானம் கழியோரத்து முள்ளுப்புதரில் அண்ணன் கிடைத்தான். அண்ணி அவன் முகத்து மண்ணை முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் காதுக்குள்ளிருந்து மண் வந்துகொண்டே இருந்தது. அந்தப் புதுச்சட்டையைப் போட்டுத்தான் அடக்கம் செய்தோம்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசினார்கள். "கோயிலுக்கு வந்தவங்கள கர்த்தரு காப்பாத்தினாரு பாத்தியா." ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தார்கள், பாவம். ஒவ்வொரு தடவையும் அண்ணியின் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. எனக்கோ அவள்மேல்தான் ஆத்திரம். இவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் எங்கள் பக்கத்தில் நின்று பாடிக்கொண்டிருப்பான் அல்லவா? அதுவரை நீங்க, வாங்க என்று பேசியவள், அந்த வாரம் அவளை நீ என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவள் அதைக் கவனித்தாள்.

புத்தாண்டன்று அண்ணியும் கோயிலுக்கு வந்தாள். தாம்பாளத்திலிருந்து ஓர் அட்டையை எடுத்து, வழக்கம்போல என்னிடம் நீட்டினாள். "என்ன போட்டிருக்குது பாப்பா?"

தண்ணீரைக் கடக்கும்போதும் கூடவே இருப்பேன் என்று ஆண்டவர் சொல்லும் வசனம் அது. தண்ணீர்! குடிக்கிற தண்ணீரைப் பார்த்தாலே எங்களுக்கு நடுக்கம் வந்த நாட்கள் அவை. என் அண்ணனோடு இல்லாதவர் இவளோடு மட்டும் இருப்பாராமா? அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், நீ செய்ததற்குத் தக்க பலன் உன் தலைமேல் வரும் என்று, வேதத்து நடையிலேயே இழுத்து, நிதானமாகப் படித்தேன். அண்ணி அட்டையை வாங்கிப் பார்த்தாள். "சரி" என்று மட்டும் சொன்னாள். மடித்த கைக்குட்டைக்குள் வைத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

அளம் முழுக்கக் கடல் கொண்டுவந்து கொட்டிய கறுப்புச் சேறு. அதை வழித்து எறிந்துவிட்டுக் களிமண் தரையை முதலிலிருந்து மிதிக்க வேண்டும். இரண்டிரண்டு பேராகக் கைகோத்துக்கொண்டு, குதிகாலை அழுத்தி, ஓரடிக்கு ஓரடி நகர்ந்து மிதிப்போம். தரை இறுகாவிட்டால் உப்போடு சேறும் சேர்ந்து வரும். எனக்கு ஜோடி அண்ணிதான். வேறு யாரும் இல்லாததால் அவள் கையைப் பிடித்தேன். வெயில்காலம் முழுக்க மிதித்தும் அந்த வருஷம் உப்பு சாம்பல் நிறத்தில்தான் விளைந்தது. எவனும் வாங்கவில்லை. பக்கத்துப் பாத்திக்காரர்கள் ஒவ்வொருவராகப் பாண்டிச்சேரிப் பக்கம் கட்டட வேலைக்குப் போனார்கள். நாமும் போகலாம் என்றேன்.

"தண்டனைய பாதியில விட்டுட்டு போக முடியுமா பாப்பா?" என்றாள்.

நான் மிதிப்பதை விட்டு நின்றேன். அண்ணி மிதிப்பதை நிறுத்தவில்லை. சமையல் விஷயம் பேசுவதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்: "நான்தானே அனுப்பிச்சேன். ஆண்டவரு என்னை திட்டிட்டாரு, சரியாப் போச்சு. ஒண்ணுமே சொல்லாம விட்டிருந்தா கழியில எறங்கியிருப்பேன். திட்றவங்க கைவிட மாட்டாங்க."

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம். ஆண்டவரிடம் பயமா, அவளிடம் பயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை; வரப்பெல்லாம் உடைந்து, மிதித்து வைத்த தரை கூழாகிப் போனது. அடுத்த புத்தாண்டில் வாசலில் தாம்பாளத்துக்கு முன்னால் வந்தபோது அண்ணி கையை நீட்டவில்லை. போதகர் ஏன் என்று கேட்டார். "போன வருசத்துதே இன்னும் முடியலீங்க" என்றாள். நான் செத்துப் பிழைத்தேன்.

தையில் மறுபடியும் சேறு வழித்தோம், மறுபடியும் மிதித்தோம். அந்த நாட்களில் அவளிடம் முகம் கொடுத்துப் பேச எனக்குத் துணிச்சல் இல்லை. கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். இரண்டாயிரத்து ஆறு பங்குனியில், ஒரு காலை, முதல் பாத்தியில் உப்பு வெள்ளையாக விளைந்தது. அண்ணி குனிந்து ஒரு பிடி அள்ளிப் பிழிந்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு துளி சேறு இல்லை. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணி, அந்த அட்டைய குடுங்க. நான் அன்னிக்கு மாத்தி படிச்சிட்டேன்."

வரப்பில் உட்கார்ந்து, உள்ளபடி படித்தேன். இன்னொரு தடவை படி என்றாள். படித்தேன். மூன்றாம் தடவை தண்ணீர் என்ற சொல் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணைத் திறந்து சொன்னாள்: "இம்மாம் நல்ல வார்த்தைய அன்னிக்கே படிச்சிருந்தீன்னா நான் நம்பியிருக்கவே மாட்டேன் பாப்பா." பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்து கையை நீட்டினாள். "வா, அடுத்த பாத்தி மிதிக்காம கெடக்குது."

என் மனசு ஆறுவதற்காகச் சொன்னாளா, உண்மையாகவே அப்படித்தானா? கேட்கும் தைரியம் எனக்கு வரவே இல்லை. அதற்குப் பிறகு பல வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். என்னைக் கட்டிக்கொடுத்ததும் அவள்தான். கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அட்டையை என் கையில் வைத்து மூடினாள். பேச்சு அப்போது நின்றுவிட்டிருந்தது.

இப்போது வாக்குத்தத்தமெல்லாம் செல்போனில் வந்துவிடுகிறது. படிக்கத் தெரியாதவர்களுக்கு அதுவே வாசித்தும் காட்டுகிறது. புத்தாண்டுக் காலையில், வீட்டில் மற்றவர்கள் கோயிலுக்குக் கிளம்பிய பிறகு, நான் பீரோவைத் திறந்து அந்த அட்டையை எடுக்கிறேன். சத்தமாக, ஓரெழுத்தும் மாற்றாமல், மூன்று தடவை படிக்கிறேன். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.