காட்டுக்காரியின் மூலிகைப் பை

என் கடையில் தராசுக்குப் பக்கத்துப் பலகையில் ஒரு போன் எப்போதும் சார்ஜில் கிடக்கிறது. கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை விரிசல். பின்மூடி கழன்று விழாமலிருக்க ஒரு ரப்பர் வளையம். அன்னாசி வாங்க வருகிறவர்களில் சிலர், "ஏனுங்க, இதும் விக்கிறதுங்களா?" என்று சிரிப்புக்காகக் கேட்பார்கள். சோளக்காடு பஸ் நிறுத்தம் முழுக்க வாயாடி என்று பேர் வாங்கியவள் நான். அந்தக் கேள்வி வந்தால் மட்டும் தராசைத் துடைக்கப் போய்விடுவேன். அது என் நங்கையாவின் போன். வீட்டுக்காரருடைய அக்காவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் போய் ஏழு மாதம் ஆகிறது.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மிச்சப் படிப்பெல்லாம் பொட்டலம் கட்டுகிற காகிதத்திலும் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் வாயிலும் படித்ததுதான். யார் எதைச் சொன்னாலும் காதில் முடிந்து வைத்துக்கொள்வேன். பேச்சே இல்லாத நங்கையா சொன்னவைதான் அதில் அப்படியே கலையாமல் இருக்கின்றன.

பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த காலத்தில் என் மகள் போனில் ஒரு விளையாட்டை ஏற்றி வைத்தாள். முகம் தெரியாத ஆயிரம் பேர் ஒரே காட்டுக்குள் நடமாடுகிற விளையாட்டு. நமக்கென்று ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அந்த ஆளாகவே நடந்து, சண்டை போட்டு, வளர வேண்டும். மகள் ஹாஸ்டலுக்குப் போனபின் அது என்னைப் பிடித்துக்கொண்டது; என்னிடமிருந்து நங்கையாவுக்கு ஒட்டியது. மிளகு விற்ற காசில் அவரே இந்தப் போனை வாங்கி வந்தார். பஸ் இல்லாத ஒரு மதியம், பலாக்காய்க் குவியலுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, அவருக்கு ஆள் தேடினோம்.

வாள்காரன், மந்திரக்காரி, வைத்தியச்சி, காட்டுக்காரி என்று நாங்களே பேர் வைத்தோம். ஒவ்வொருவர் கீழேயும் அவர்களுடைய பலமும் பலவீனமும் எழுதியிருந்தன. நான் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னேன். நங்கையா எல்லோரைப் பற்றியும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"இந்த ஆளுக்குத் தொணை வேணுமா?"

"வாள்காரனுக்குப் பின்னால வைத்தியம் பாக்க ஆள் வேணுமுங்க. மந்திரக்காரிக்கு முன்னால நின்னு அடி வாங்க ஆள் வேணுமுங்க."

"அப்ப அதுங்க ஆவாது. அந்தக் கடேசிப் பொம்பள?"

காட்டுக்காரிக்கு எதிலும் பெரிய பலமில்லை. எல்லாம் பாதிப் பாதி. ஆனால் வில்லை அவளே செய்துகொள்வாள், தீயை அவளே மூட்டுவாள், பிடித்ததைச் சுட்டுத் தின்பாள். அடிபட்டால் இடுப்புப் பையிலிருந்து பச்சிலையை எடுத்து அரைத்துத் தனக்குத் தானே போட்டுக்கொள்வாள். அந்த மருந்து அவள் உடம்புக்கு மட்டுந்தான் கேட்கும்.

"ரொம்ப மெதுவாத்தான் வளருவாளாமுங்க நங்கையா."

"எனக்கென்ன பஸ்ஸுக்கா நேரமாச்சு? இவளையே போடு அம்மிணி."

என் ஆள் வைத்தியச்சி. என் குணத்துக்கு வேறு யார் பொருந்துவார்கள்? தனியாக விட்டால் ஒரு காட்டுப்பன்றியைக்கூட அவளால் சாய்க்க முடியாது. ஆனால் தன்னோடு கூட்டுச் சேர்ந்த யார் காயத்தையும் கையை நீட்டி ஆற்றிவிடுவாள். கூட்டில் இருக்க வேண்டும், அதுதான் சட்டம். நான் அழைப்பு அனுப்பினால் நங்கையாவின் திரையில் பச்சையும் சிவப்புமாக இரண்டு பொத்தான்கள் வரும். பச்சையை அழுத்தினால் கூட்டு. நான் அனுப்பிய அத்தனை அழைப்புக்கும் அவர் சிவப்பைத்தான் அழுத்தினார்.

ஒருமுறை கரடி ஒன்று காட்டுக்காரியைப் பிய்த்துப் போட்டது. அவள் தலைக்கு மேலிருந்த உயிர்க்கோடு நகக்கண் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. நான் பக்கத்திலேயே கை நிறைய வைத்தியத்தோடு நிற்கிறேன். "பச்சைய அமுக்குங்க நங்கையா, பச்சைய!" என்று கத்துகிறேன். பழம் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர் சிவப்பை அழுத்திவிட்டு, காட்டுக்காரியைப் பாறைக்குப் பின்னால் ஓட்டிப்போய், நிதானமாகப் பச்சிலை அரைத்தார். உயிர்க்கோடு ஊர்ந்து ஊர்ந்து ஏறியது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "பைல எல இருக்கறமுட்டும் அடுத்தவியள எதுக்குத் தொந்தரவு பண்றது?" அந்தப் பையில் இருபது பச்சிலைக்குக் குறையாமல் எப்போதும் வைத்திருப்பார். ஒன்று குறைந்தால்கூடச் சண்டையை விட்டுவிட்டுப் பறிக்கப் போய்விடுவார்.

இதையெல்லாம் வேடிக்கை போலச் சொல்கிறேன். வேடிக்கை இல்லை. அவர் ஏன் அப்படி ஆனார் என்பது எனக்குத் தெரியும்.

அடிவாரத்து ஊரில் கட்டிக்கொடுத்த நங்கையா, புருஷன் வேறொருத்தியைக் கூட்டி வந்தபிறகு ஒரு துணிப்பையோடு தம்பி வீட்டுக்கு ஏறி வந்தார். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூன்றாம் மாதம், தண்ணீர்க் குழாயடியில், பக்கத்து வீட்டுக்காரியிடம் என் வாய் சொன்னது: "வந்தவியளுக்குப் போற நெனப்பே இல்ல. நா எப்ப எம்பட ஊட்ல தனியா ஒரு வா சோறு திங்கறது?" திரும்பினால் குடத்தோடு அவர் நிற்கிறார். எதுவும் கேட்காதவர்போலக் குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்தார். எனக்கும் சேர்த்துப் பிடித்தார். அந்த வாரமே வாசலூர்பட்டிப் பக்கம் இருந்த தன் பங்குக் காட்டு நிலத்தில் நாலு கம்பு நட்டு ஓலை போட்டுக்கொண்டார். பிறகு ஓடு வேய்ந்ததும், சாமை விதைத்ததும், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியதும் ஒற்றை ஆளாய்த்தான். எங்கள் வீட்டுக்கு வருவார், என் பிள்ளையைத் தூக்குவார், சிரிப்பார். சாப்பிடச் சொன்னால் மட்டும், "இப்பத்தான் உண்டுட்டு வாரேன் அம்மிணி" என்பார். அந்த ஒரு பதிலைப் பதினெட்டு வருஷம் கேட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கா வாய் இல்லை? கேட்டால், அன்று அது அவர் காதில் விழுந்தது உண்மையாகிவிடும் என்று பயந்தேன். அதற்குப் பதிலாக விளையாட்டில் அழைப்பு அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

போன ஆடியில் மலைக்குக் கூட்டம் அள்ளியது. இரண்டு வாரம் விளையாட்டின் பக்கமே நான் போகவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் தூறலில் நங்கையா கடைக்கு வந்தார். வலது காலில் துணி சுற்றியிருந்தது, ஒரு காலில் மட்டும் செருப்பு.

"காலுக்கு என்னாச்சுங்க?"

"குச்சிக்கெழங்குக் கட்ட குத்திருச்சு. பச்சில வெச்சிருக்குது."

"ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க. அவிய வந்ததும் வண்டில கூட்டிப் போகச் சொல்றேன்."

"அட, எதுக்கு அம்மிணி."

அதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. நான் அன்னாசி சீவிக்கொண்டிருந்தேன். வழக்கமாக வந்த காலோடு திரும்புகிறவர் அன்று பந்தக்காலைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். கடைசியில், "வெளையாட்டுப் பக்கம் வாரதே இல்லியே?" என்றார்.

"கூட்டம் ஓயட்டுமுங்க நங்கையா, வாரேன்" என்றேன், தலையை நிமிர்த்தாமல்.

நிமிர்ந்தபோது அவர் ரோட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தார். அன்று மாலை வீட்டுக்காரரிடம் காலைப் பற்றிச் சொன்னேன். அவர் மறுநாள் போய்க் கூப்பிட்டார். "ஆறிப்போச்சு, நீ போ சாமி" என்று நங்கையா திருப்பி அனுப்பிவிட்டார். நாங்களும் ஆறிவிட்டது என்று நம்பிக்கொண்டோம். நம்புவது எங்களுக்கும் வசதியாக இருந்தது. பத்து நாள் கழித்து வீட்டுக்காரர் போனபோது நங்கையா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். கால் கறுத்திருந்தது. வண்டியில் மலையிறங்கிய எழுபது வளைவும் அவர் தலை என் மடியில் கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாயும்போது அவர் கை கம்பியைத் தேடியதே ஒழிய என்னைப் பிடிக்கவில்லை. உடம்பு முழுக்கச் சர்க்கரை என்றார்கள் நாமக்கல் ஆஸ்பத்திரியில். அப்படி ஒன்று இருப்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் கழிந்து, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம் விளையாட்டைத் திறந்தேன். திரையின் மேலே பச்சையும் சிவப்பும். காட்டுக்காரி என்னைக் கூட்டுக்கு அழைத்திருந்தாள். பதில் சொல்லும்வரை அழைப்பு அப்படியே நிற்கும். தேதியைப் பார்த்தேன். அவர் கடைக்கு வந்து நின்ற அதே நாள், சாயங்காலம்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். "அக்கா கை தெரியாமப் பட்டிருக்கும். உடு" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

நானும் அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் நங்கையாவின் இந்தப் போனைச் சார்ஜில் போட்டுத் திறந்தேன். காட்டுக்காரி ஒரு பாறையடியில் தீ மூட்டி உட்கார்ந்திருந்தாள். உயிர்க்கோடு நகக்கண் அளவு. பையைத் திறந்து பார்த்தேன். ஒரு பச்சிலைகூட இல்லை.

போன் பண்ணியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கூப்பிட்டால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். பொத்தானுக்கு வாய் வேண்டாம். அவர் காட்டில் வீட்டுக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். அந்தக் காலை வைத்துக்கொண்டு, அந்தத் தூறலில், அவர் பாறை ஏறியிருக்கிறார். பை காலியாக இருந்ததை வீட்டுக்காரரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. குழாயடியில் சொன்னதையும்தான்.

என் போனில் பச்சையை அழுத்தினேன். இரண்டு பேர் தலைக்கு மேலும் ஒரே நிறத்தில் கோடு வந்தது. வைத்தியச்சியைக் கையை நீட்டச் சொன்னேன். காட்டுக்காரியின் உயிர் மடமடவென்று ஏறி நிறைந்தது. அவ்வளவுதான், ஒரு மூச்சு நேரம்.

இப்போதும் பஸ் இல்லாத மதியங்களில் இரண்டு போனையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத் திறக்கிறேன். தீ எரிகிறது. முழு உயிரோடு அவள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளை எழுப்பி நடத்த வேண்டுமானால் விரிசல் விட்ட இந்தக் கண்ணாடியில் விரல் வைக்க வேண்டும். நான் வைப்பதில்லை. சார்ஜ் குறைந்தால் ஒயரைச் செருகுகிறேன்.