பத்தாம் பாரம்

பைண்டிங் கடையில் அக்காவுக்கு வைத்த பெயர் ‘பத்தாம் பாரம்’. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. வேலையை விட்டு ஆறு வருடமாகியும், கடைத்தெருவில் யாராவது “பத்தாம் பாரம் அக்கா” என்று கூப்பிட்டால் கையில் இருக்கும் பையைக் கீழே வைத்துவிட்டு நின்று பேசுவார். பட்டப்பெயருக்கு இவ்வளவு மகிழ்கிற மனுஷியை நான் பார்த்ததில்லை.

அச்சடித்த பெரிய தாளைப் பதினாறு பக்கமாக மடித்தால் ஒரு பாரம். நீள மேஜையில் பாரங்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். முதல் அடுக்கிலிருந்து கடைசி அடுக்குவரை நடந்தபடி ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்தால் ஒரு புத்தகம். அக்கா இருபது வருடம் அந்த மேஜையைச் சுற்றியவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவர் கை தப்பாது என்று மேஸ்திரியே சொல்வார்.

அந்தக் கை ஒரே ஒரு நாள் தப்பியது. நாடே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய பாடகி ஒருத்தியின் சுயசரிதை அன்று மேஜையில் இருந்தது. சாயங்காலம் பார்த்தால் ஒன்பதாம் பாரம் தீர்ந்துவிட்டது, பத்தாம் பாரம் மட்டும் மற்றவற்றைவிட நாற்பது அதிகமாக மிச்சம். ஒன்பதை இரண்டு தடவை எடுத்து, பத்தைத் தொடாமலே நாற்பது புத்தகம் சேர்த்திருக்கிறார். கனமும் தடிமனும் மாறாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மேஸ்திரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து, பேச்சு போய், மூன்று மாதமாகப் படுத்திருப்பது அவருக்குத் தெரியும்.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். பஸ் ஓடுவது டீசலிலா இவர் வாயிலா என்று பயணிகள் கேலி செய்யும் அளவுக்குப் பேசுகிறவர். அவர் வாய் மூடியதிலிருந்து வீடு வீடாக இல்லை. மருந்து கொடுத்தார்கள், பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள், பேச்சு வருமா என்று கேட்டால் மட்டும் டாக்டர் வேறு எங்கோ பார்த்தார்.

தப்பாகச் சேர்த்த புத்தகங்களைப் பிரித்துச் சரிசெய்தார்கள். மூன்றுக்கு மட்டும் அட்டை ஒட்டியாகிவிட்டது. அதில் ஒன்றை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தப் பாடகியின் பாட்டு என்றால் வீட்டுக்காரருக்கு உயிர். தினமும் விளக்கேற்றும் நேரத்தில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பத்துப் பக்கம் வாசித்துக் காட்டினார்.

ஒன்பதாம் பாரத்தில் பாடகிக்குக் குரல் போகிறது. காற்று மட்டும்தான் வருகிறது, சத்தம் இல்லை. வீட்டுக்காரர் இமைக்காமல் கேட்டார். அடுத்த பக்கத்தைத் திருப்பினால், மறுபடி அதே ஒன்பதாம் பாரம். அதையும் தாண்டினால் பாடகி மேடையில் பாடிக்கொண்டிருக்கிறாள். நடுவில் என்ன நடந்தது? வீட்டுக்காரர் நல்ல கையால் கட்டிலைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மேஸ்திரி மிச்சமிருந்த பத்தாம் பாரம் ஒன்றை எடுத்து நீட்டினார். “இதையும் கொண்டு போங்கம்மா, பாவம், கேட்டுட்டே இருப்பாரு.”

அக்கா வாங்கிப் பார்த்தார். முதல் பக்கத்திலேயே படம். கழுத்தில் துணி சுற்றிய பாடகி விமானப் படிக்கட்டில் ஏறுகிறாள். விமானம் ஏறினால்தான் குரல் வரும் என்றால், நாம் எங்கே போவது? அதை அடுக்கிலேயே வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து பத்தாம் பாரத்தை அவரே கட்டிவிட்டார். புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, இல்லாத பக்கங்களை வாசித்தார். பாடகி வீட்டிலேயே இருந்தாள். காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரே ஒரு எழுத்தைச் சொல்லிப் பார்த்தாள். பாடகியின் அக்கா எதிரில் உட்கார்ந்து உதட்டைக் குவித்துக் காட்டினாள். வீட்டுக்காரரும் உதட்டைக் குவித்தார். காற்று வந்தது. பதினாறு பக்கம் ஏழு மாதம் ஓடியது.

ஒரு நாள் சமையலை முடித்துவிட்டு அவசரமாக வந்து உட்கார்ந்த அக்கா, “அன்னைக்கும் பாடகியோட தம்பி எதிர்ல வந்து உட்கார்ந்தான்” என்று ஆரம்பித்தார். நேற்றுவரை எதிரில் உட்கார்ந்தவள் பாடகியின் அக்கா.

கட்டிலில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, கோணிய வாயிலிருந்து, இரண்டு துண்டாக ஒரு சொல் வந்தது.

“பொய்... யி.”

அக்கா புத்தகத்தை நழுவவிட்டார். “என்ன சொன்னீங்க?”

“பொய்.”

இத்தனை மாதமும் தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறார். அக்கா அழுதுகொண்டே சிரித்தார். மறுநாள் கடையில் எல்லோருக்கும் சொல்லி, பத்தாம் பாரம் என்ற பெயரையும் அன்றே வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்காரர் அதற்குப் பிறகு பதினோரு வருடம் இருந்தார். மொத்தமாக முப்பது நாற்பது சொல் திரும்பியிருக்கும். அதில் அதிகம் புழங்கியது அந்த முதல் சொல்தான். குழம்பு நன்றாக இருக்கிறது என்று மகள் சொன்னாலும் பொய், நாளைக்கு மழை வரும் என்று ரேடியோ சொன்னாலும் பொய். வீடு மறுபடி வீடானது.

அவர் போன அடுத்த வருடம் மகள் அந்தச் சுயசரிதையின் புதுப் பதிப்பை வாங்கிவந்தாள். “இதுல எல்லாப் பக்கமும் இருக்கும்மா. இப்பவாவது படிச்சுப் பாரேன்.”

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலிக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளிநாடு, பெரிய டாக்டர், மூன்று அறுவை சிகிச்சை, ஆறு மாதம். பதினாறு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தார். அன்றைக்கே படித்திருந்தால் அன்றைக்கே நம்பிக்கை விட்டுப்போயிருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. அந்த ஏழு மாதத்துச் சாயங்காலங்கள் அத்தனையும் திரும்ப வேண்டும் போல இருந்தது.

“எப்படிம்மா இருக்கு?” என்றாள் மகள்.

அக்கா புத்தகத்தை மூடினார். வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, இரண்டு துண்டாகச் சொன்னார்.

“பொய்... யி.”