தார்ப்பாய் போடாத வால்மீன்

வால்மீன் என்றால் என்னவென்று எனக்குப் புரியவைத்தது எண்ணூர் நெடுஞ்சாலைதான். நிலக்கரி லாரி தார்ப்பாய் போடாமல் போகும். தூள் வழியெல்லாம் கொட்டும். பின்னால் வருகிறவன் முகம் கறுக்கும். வால்மீனும் அதே ரகம். சூரியன் பக்கம் போனதும் சூடு தாங்காமல் உதிர்கிறது. சிலது துண்டு துண்டாகச் சிதறியே போகிறது. உதிர்ந்த தூளும் கல்லும் பாதை நெடுகக் கிடக்க, வருஷா வருஷம் பூமி அதற்குள் புகுந்து போகும்போது அவை எரிந்து விழுவதைத்தான் எரிகல் மழை என்கிறார்கள். லாரித் தூளுக்கு நாங்கள் இருமுகிறோம். வால்மீன் தூளுக்குப் பேப்பரில் படம் போடுகிறார்கள்.

என் மனைவிக்கு வீசிங். திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் காலையில் துடைத்த டிவி மேல் சாயங்காலம் விரலால் கோலம் போடலாம். இடத்தை மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. தாம்பரத்தில் மச்சான் வீட்டு மாடி காலியாகக் கிடந்தது. நான்தான் அசையவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக் கட்டிய வீடு. என் வீம்புக்கு நான் வைத்திருந்த பெயர் கடல்காற்று.

மே மாத ஆரம்பத்தில், விடியலுக்கு முன்னால் கிழக்கே எரிகல் மழை என்று செய்தி வந்தது. கிழக்கே எங்களுக்குக் கடல். சும்மா இருந்தேனா?

"நம்ம கடல் மேல ஒண்ணு வுழுந்தா இங்கயே இருக்கலாம். வுழலைன்னா தாம்பரம்," என்று பந்தயம் கட்டினேன்.

"சரி, பாக்கலாம்," என்றாள். நடுவில் மூன்று இடத்தில் நின்று நின்று மாடி ஏறினாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கத்திரி வெயில் புழுக்கத்தில் அக்கம்பக்கத்தார் ஏற்கெனவே எங்கள் மொட்டை மாடியில்தான் படுத்திருந்தார்கள். அவர்களையும் எழுப்பிப் பாடம் நடத்தினேன். மேற்கே மணலிப் பக்கம் எண்ணெய் ஆலைப் புகைபோக்கி உச்சியில் எரியும் நெருப்பில் கண் கூசியது. அதற்கு முதுகைக் காட்டி உட்காருங்கள் என்றேன். இத்தனை வருஷமாக அதைத்தானே செய்துவருகிறோம், யாருக்கும் சிரமம் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. ஒருமுறை ஆலையில் வாயு கசிந்து ஊரே ஓடியதிலிருந்து, படுக்கிற இடத்தில் ஒரு குடம் தண்ணீரும் ஆளுக்கொரு துண்டும் இருக்கும். யாராவது 'கேஸு' என்றால் துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். கேள்வியெல்லாம் ஓடி முடித்த பிறகுதான்.

நாலு மணி சுமாருக்குப் பச்சை கலந்த வெளிச்சம் ஒன்று கடல் மேலே சர்ரென்று கீறிக்கொண்டு போனது. போன தடத்தில் புகை மாதிரி ஒரு கோடு நின்றது.

"மாமு, கேஸு!" என்று கத்தினார் பக்கத்து வீட்டு ஷேர் ஆட்டோக்காரர்.

அவ்வளவுதான். குடம் உருண்டது, பாய்கள் சுருண்டன. முதல் ஆளாகப் படியிறங்கியது, அரை மணி நேரமாகப் பாடம் நடத்திய நான். ஈரத் துண்டோடு தெருமுனை வரை ஓடிய பிறகுதான், பார்க்கச் சொன்னதே அதைத்தானே என்று உறைத்தது. மனைவி ஞாபகம் அதற்கும் பிறகு வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

திரும்பி மேலே போனேன். கையில் இன்ஹேலரோடு, கிழக்கே பார்த்தபடி அதே பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"யோவ், பந்தயத்துல நீதான் ஜெயிச்சே. நீ போனப்புறம் இன்னும் மூணு வுழுந்துச்சு. சூப்பரா கீது."

"நீ ஏன் ஓடல?"

"ரெண்டு படி எறங்குனா மூச்சு நிக்குது, நான் எங்கய்யா ஓடறது? நெசமாவே கேஸா இருந்தாலும் இங்கதான் குந்திகினு இருந்திருப்பேன்."

கோபமாகக்கூட அவள் சொல்லவில்லை. மூக்கில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தேன். விடிந்ததும் மச்சானுக்குப் போன் போட்டு, மாடி இன்னும் காலியாகத்தான் இருக்கிறதா என்று கேட்டேன்.