வாய் மூடிய மடிக்கணினி

முத்துச்செல்வத்துக்குப் பார்வை போனது ஒரே நாளில் அல்ல. தென்காசியில் ஒரு வக்கீலிடம் மனு தட்டச்சு செய்யும் குமாஸ்தாவாக இருந்தார். கண்ணில் அழுத்தம் கூடி ஓரங்கள் இருண்டன. கடைசியில் நடுவில் மிச்சமிருந்த வெளிச்சமும் அணைந்தது. ஆனாலும் எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்பதை விரல்கள் மறக்கவில்லை. பாளையங்கோட்டையில் பயிற்சி எடுத்து, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளோடு பழகினார். வெளியூர் நிறுவனம் ஒன்று அனுப்பும் பேட்டிகளைக் கேட்டு, எழுத்தாக்கிக் கொடுப்பது அவர் வேலையானது.

அவர் மனைவி சுகந்தி ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். கண் போனதிலிருந்து அவருக்கு எது தேவை, எது தேவையில்லை என்பதை அவளே முடிவு செய்தாள். எந்தக் கல்யாணத்துக்குப் போக வேண்டாம், எந்த நண்பர் வந்தால் அலுப்பு, எந்தச் சாமானைப் பரணில் போட வேண்டும், எல்லாம். அவர் மறுத்துப் பேசியதில்லை. அதனால் சம்மதம் என்றே அவள் நினைத்தாள்.

பழைய மடிக்கணினி கெட்டுப்போய்ப் புதிது வாங்கியபோது தொல்லை தொடங்கியது. வாங்கும்போதே அதில் என்னென்னவோ ஏற்றி வைத்திருந்தார்கள். கேட்காத விளையாட்டுகள், கடை விளம்பரங்கள், சில வாரம் இலவசம் என்று சொல்லும் ஒரு வைரஸ் தடுப்பு. அது நினைத்தபோதெல்லாம் எட்டிப் பார்க்கும். கண் உள்ளவர்கள் மூலையில் தெரியும் பெட்டியை மூடிவிட்டுப் போவார்கள். முத்துச்செல்வத்துக்கோ, பேட்டியில் ஒருவர் தன் தாயின் சாவைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, 'உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது' என்று காதுக்குள் குரல் குறுக்கிடும். ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டுக் கை நிற்கும். நீக்கிவிடலாமென்று போனால், அந்த ஜன்னலில் படங்களாகவே இருந்தன. குரல் "பட்டன், பட்டன்" என்று மட்டும் சொன்னது.

குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே சாரல். சுகந்திக்கு விடுமுறை. இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவள் மென்பொருள்களின் பெயர்களை வாசித்தாள். அவர் "எடு", "இருக்கட்டும்" என்றார். விளையாட்டுகள் போயின. வைரஸ் தடுப்பு 'நிச்சயமாகவா?' என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுப் போனது. இருவருக்கும் சிரிப்பு வந்தது.

அவர் குளிக்க எழுந்தார். சுகந்தி நீக்குவதை நிறுத்தவில்லை. பட்டியலில் இன்னொன்று, கணினி நிறுவனத்தின் பெயரோடு ஆடியோ என்று முடிந்தது. பாட்டுக் கேட்கிற சமாச்சாரம் போலிருக்கிறது, இவர் எங்கே பாட்டுக் கேட்கிறார் என்று அதையும் நீக்கினாள். அணைத்து மறுபடி போடச் சொன்னது. போட்டாள்.

முத்துச்செல்வம் தலை துவட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்து ஒரு விசையை அழுத்தினார். இன்னொன்றை அழுத்தினார். திரையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. குரல் மட்டும் வரவில்லை.

"ஏட்டி, ஏன் பேச மாட்டேங்குது?"

சுகந்தி திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"சுகந்தி, அங்கனதான இருக்க?"

"இருக்கேன். ஆடியோன்னு ஒண்ணு கிடந்துச்சு. வேண்டாததுன்னு நெனச்சு எடுத்துட்டேன்."

அவர் விசைகளை மாற்றி மாற்றித் தட்டினார். நெற்றி வியர்த்தது. கண் முழுதாகப் போன வாரத்தில் சுவரைத் தடவி நடந்தபோது அவர் முகம் இப்படித்தான் இருந்தது. அன்று மாலைக்குள் ஒரு பேட்டியை அனுப்ப வேண்டும், பாதிதான் முடிந்திருந்தது.

"கொண்டாங்க, திரையில உள்ளத நான் வாசிச்சுச் சொல்லுதேன். நீங்க அடிங்க."

"ஒண்ணும் வேண்டாம்." மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கண்ணுதான போச்சு, வாயுமா போச்சு எனக்கு? ஒரு வார்த்த கேட்டா சொல்ல மாட்டனா? எல்லாத்தையும் நீயே எடுத்துருத. போன மாசம் என் கூட்டாளி நமசிவாயம் வந்தப்ப நான் தூங்குதேன்னு சொல்லித் திருப்பி அனுப்புன. முழிச்சுத்தான் கெடந்தேன்."

அவளுக்கு அது சுருக்கென்றது. உங்களுக்காகத்தானே என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

அவர் போனில் செங்கோட்டை உசாமாவை அழைத்தார். பயிற்சியில் உடன் படித்தவன், அவனுக்கும் பார்வையில்லை.

"அண்ணாச்சி, பதறாதீங்க. எனக்கும் இப்படி ஆயிருக்கு. யூஎஸ்பில சொருகுற ஹெட்செட் ஒண்ணு வாங்கி மாட்டுங்க. அதுக்குத் தனியா சவுண்டு உண்டு. பேச ஆரம்பிச்சா மிச்சத்த நீங்களே பாத்துக்கிடலாம். மதினிய ஏசாதீங்க."

சுகந்தி குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். அருவிக்குப் போகும் வண்டிகள் சாலையை அடைத்துக் கிடந்தன. ஞாயிறானதால் பாதிக் கடைகள் பூட்டியிருந்தன. பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு செல்போன் கடையில் கிடைத்தது. நனைந்து திரும்பியபோது அவர் இருந்த இடத்திலேயே, அணையாத திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

மாட்டினார். சற்று நேரத்தில் அவர் தோள் இறங்கியது. குரல் வந்துவிட்டது. ஆனால் அது இப்போது அவர் காதுக்கு மட்டும். ஒலிக்கான மென்பொருளை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடி, அவரே மறுபடி ஏற்றினார். குரல் எந்த வரியில் நிற்கிறது, அவர் என்ன கேட்கிறார் என்று சுகந்திக்குத் தெரியவில்லை. உதவட்டுமா என்று கேட்கவும் தைரியம் வரவில்லை.

பேட்டி உரிய நேரத்துக்குப் போகவில்லை. நிறுவனத்தில் இருந்த பெண் நடந்ததை மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். மீதியை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்றாள். அதன்பின் வேலை குறைந்தது. அவர் வேறு இரண்டு இடங்களுக்கு எழுதிப் போட்டார். ஒன்றிலிருந்து பதில் வந்தது, ஆனால் சிறிய வேலை.

நமசிவாயத்துக்கு சுகந்தியே போன் செய்து வரச் சொன்னாள். அவர் வந்த அன்று காப்பி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். முன்னறையில் கணவர் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தார் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.