தும்புத்தடியில் இருந்த ஈப்பிடிப்பான்

மிருகக்காட்சிசாலைப் பறவைக்கூடத்தில் வேலை என்றால் பாதி நேரம் ஈ வளர்ப்புத்தான். செய்தவர்களுக்கு இது தெரியும். எண்பதுகளின் கடைசியில், ஒரு திங்கட்கிழமை காலை, என் மனைவி பவளத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோதும் என் கையில் ஈ டப்பாதான் இருந்தது. தென்னமெரிக்காவிலிருந்து சனிக்கிழமை வந்த சிவப்பு ஈப்பிடிப்பான் தானாக எதுவும் தின்னவில்லை. நாங்கள் அலகைத் திறந்து ஊட்டிய புழுவில்தான் அதன் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று பவளம் கேட்டாள்: "இண்டைக்காவது உவன் சாப்பிடுவானோ?"

அலுமாரிப் பிள்ளைகள்

இந்தப் பறவைகள் பறக்கிற ஈயைத்தான் பிடிக்கும். குளிர்காலத்தில் ஈக்கு எங்கே போவது? தூண்டில் கடையில் புழு வாங்கி, டூட்டிங்கில் எங்கள் வீட்டில் சுடுதண்ணீர்த் தாங்கி இருந்த அலுமாரியில் வைத்து ஈயாகப் பொரிக்க விடுவேன். முந்திய வருடம் ஒருநாள் டப்பாவின் மூடி கழன்று ஈக்கள் வீடெங்கும் பறந்தன. நகரத்தின் மறுகோடி ஹரோவிலிருந்து விருந்துக்கு வந்திருந்த பவளத்தின் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "தங்கச்சி, வீட்டில ஏதும் செத்துக் கிடக்கோ?" என்றார். பவளம் வடைத் தட்டை மூடியபடி சொன்னாள்: "இல்லை அக்கா, இவரின்ரை பிள்ளையளுக்குச் சாப்பாடு."

கொடுங்கோலன்

ஆங்கிலத்தில் இந்தக் குடும்பத்துக்கே கொடுங்கோலன் என்று பெயர். தன் கூட்டருகே பருந்து வந்தாலும் விரட்டும். ஞாயிற்றுக்கிழமை, பார்க்க வந்த சென்னை டாக்டர் ஒருவர் கூண்டின் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, இலைகளுக்குள் ஒடுங்கியிருந்த புதுப் பறவையைத் தேடிப் பிடித்தார். "இத்துனூண்டா? எங்க ஆஸ்பத்திரி மேட்ரனை ஒருநாள் அனுப்புறேன் சார், கொடுங்கோல்னா என்னன்னு கத்துக்கட்டும்."

திங்கட்கிழமை

கூண்டைத் தலைமைப் பராமரிப்பாளர் ஜோர்ஜ் அழகழகான செடிகளால் நிரப்பியிருந்தார். அன்று அவர் தும்புத்தடியால் தரையைக் கூட்டிக்கொண்டிருக்கையில் தொலைபேசி அடித்தது. அதைக் கூண்டுக்குள்ளேயே சாத்திவிட்டு ஓடினார். நான் ஈக்களைத் திறந்துவிட்டேன். பறவை இலைகளை விட்டு வந்து, தடியின் நுனியில் குந்தியது. இலை மறைக்காத அந்த இடத்திலிருந்து சுற்றிலும் பார்த்தது. பாய்ந்து ஓர் ஈயைக் கவ்விக்கொண்டு, அதே நுனிக்குத் திரும்பியது. பிறகு இன்னொன்று. திரும்பி வந்த ஜோர்ஜ் தன் செடிகளைப் பார்த்தார், தடியைப் பார்த்தார். "ஒருத்தரும் அதைத் தொடக்கூடாது. நான் கையால் கூட்டுகிறேன்."

வேலை முடிந்ததும் இந்தச் செய்தியோடு வீட்டுக்கு விரைந்தேன். பவளத்துக்கு மத்தியானமே மாரடைப்பு வந்து, பக்கத்து வீட்டார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அவன் சாப்பிட்டதை அங்கேயே, அவள் காதருகில் சொன்னேன்.

பறவைக்கூடத்தை மூடியபோது எனக்கென்று நான் கேட்டு வாங்கியது அந்தத் தும்புத்தடி ஒன்றுதான். டூட்டிங் சமையலறையை இன்றும் அதுதான் கூட்டுகிறது.